மெதுவாக மலரும் காதல் நாவல்கள் பரிந்துரைக்க முடியுமா?
பட்ரீஷியா ஹைஸ்மித்தின் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' படித்து முடித்தேன். 1952இல் புனைபெயரில் வந்த நாவல். சொந்தப் பெயரில் வெளியிட அவருக்கு 1990 வரை ஆகியிருக்கிறது. நியூயார்க் கடையொன்றில் பொம்மை விற்கும் தெரேஸ், வாடிக்கையாளரான கேரலுக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புகிறாள். அதற்கப்புறம் இருவரும் நெருங்கப் பாதிப் புத்தகம் தாண்டிவிடுகிறது. அந்த நிதானம்தான் எனக்கு அவ்வளவு பிடித்தது. கடைசியில் யாரும் சாகவில்லை, அது பெரிய ஆறுதல்.

இதுபோல அவசரப்படாத, சோகத்தில் முடியாத தன்பாலினக் காதல் நாவல்கள் தெரிந்தால் சொல்லுங்கள் நண்பர்களே. இரு பெண்களின் கதையென்றால் ரொம்பச் சந்தோஷம். தமிழில் எழுதியதோ மொழிபெயர்ப்போ இருந்தால் அவசியம் சொல்லுங்கள், ஆங்கிலம் படிக்காத என் தோழிக்கும் கொடுக்க வேண்டும். சிறுகதை வேண்டாம், நாவல்தான்.