கிரவல் ஒழுங்கையில் கறுப்புக் கார்: செரமிக் அடிப்பதா, சும்மா விடுவதா?

கரியன்121 (பரந்தன்)

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு 121 கொரோல்லா இருக்கிறது. 2003 மொடல், நிறம் கறுப்பு. வீடு முல்லைத்தீவு றோட்டில் இருந்து உள்ளுக்கு, கிரவல் ஒழுங்கையில். இதற்கு மேல் பிரச்சினையை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். கார்களுக்குத் திரும்பத் திறக்க 2025 ஆகிவிட்டது. திறந்த பிறகும் வரியோடு விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. சரி, இருக்கிறதையே மினுக்கி வைப்போம் என்றுதான் தொடங்கினேன். இப்போது அது எங்கேயோ போய் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏற முன்னம் கழுவி முடிக்க வேண்டும் என்று இருட்டோடு எழும்புகிறேன். பின்னேரம் வேலையால் வந்ததும் ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்து, பொனெற்றில் சிலந்தி வலைக் கீறல் கூடியிருக்கிறதா என்று பார்க்கிறேன். மனுசி ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மகனுக்குக் காதுக்குப் பின்னாலை ஊத்தை இருக்கு, அங்கையும் ஒருக்கா ரோச் அடிச்சுப் பாருங்கோ" என்றா.

என் கேள்விகள் இவை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சரியான கடினம். கேத்திலுக்குள் வெள்ளைப் படை சுரண்டி எடுக்கிற அளவுக்கு வரும். கழுவிக் காய்ந்ததும் கார் முழுக்க வெள்ளை வளையம். கறுப்பில் அது நல்லாய்த் தெரியும். அடுத்தது மாமா. பாசமான மனிசன். விடியக் காலமை தேத்தண்ணி குடித்த கையோடு பழைய சாரத் துண்டால் கார் முழுக்கப் புழுதி துடைத்துவிடுவார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது, கிளிநொச்சியில் ஒரு இடத்தில் செரமிக் கோட்டிங்குக்கு, அதுதான் பெயின்ற்றுக்கு மேல் அடிக்கிற பாதுகாப்புப் பூச்சுக்கு, விலை கேட்டேன். அந்தக் காசுக்கு நல்ல கறவை மாடு ஒன்று வாங்கலாம். அது அடித்தால் இந்தப் புழுதிக்கும் தண்ணீருக்கும் தீர்வு வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ.

---

மாங்குளம்மச்சான்

அண்ணை, காருக்குச் செம்மண் நிறத்தில் பெயின்ற் அடியுங்கோ. மூன்று கேள்விக்கும் ஒரே பதில். என்னிடம் இருப்பது லாண்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு மெசின். அதை மாரியில் மழை கழுவும், கோடையில் நான் பார்க்கவே மாட்டேன். நல்ல நித்திரை வருகிறது.

---

வெள்ளைவகன்ஆர் (வவுனியா)

கரியன் அண்ணை, முதலில் மாமாவின் சாரத் துண்டை எங்கேயாவது ஒளித்து வையுங்கள். செரமிக் கதை அதற்குப் பிறகு.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிரவல் புழுதிக்குச் சிவப்பைக் கொடுப்பது இரும்பு ஒட்சைட்டு. அதால் பெரிய கேடு இல்லை. கூடவே கலந்திருக்கிற குவாட்ஸ் மணல்தான் வில்லன். மோ அளவுகோலில் அதன் கடினம் 7. கண்ணாடியையே கீறும், பெயின்ற் எந்த மூலைக்கு? ஆனால் அது காரின் மேல் சும்மா கிடக்கும்வரை ஒன்றும் செய்யாது. காய்ந்த துணியை வைத்து அழுத்தித் தேய்க்கிறபோதுதான் கீறுகிறது. நீங்கள் ரோச் அடித்துப் பார்க்கிற சிலந்தி வலை புழுதி செய்த வேலை இல்லை, துணி செய்த வேலை. எங்கள் பக்கம் கார் பழுதாகிறது ஊத்தையால் அல்ல, துடைப்பதால். புழுதியோடு நிற்கிற கார் அசிங்கமாக இருக்கலாம், பெயின்ற் சுகமாக இருக்கும். இதை மாமாவுக்குச் சொல்ல முடியாவிட்டால் அவர் கையில் ரயரையும் ரிம்மையும் கொடுத்துவிடுங்கள். அங்கே எவ்வளவு தேய்த்தாலும் பாதகமில்லை.

கழுவும்போது கை படுவதற்கு முதல் மண் போக வேண்டும். பிறசர் வோஷர் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். வயலுக்கு மருந்தடிக்கிற 16 லீற்றர் ஸ்பிறேயர் இருக்கிறதே, அதில் புதிதாக ஒன்று வாங்குங்கள். புதியது என்பது முக்கியம், களைநாசினி போட்டுப் பழகியதைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். தண்ணீரும் கொஞ்சம் கார் ஷம்பூவும் கலந்து கூரையில் இருந்து கீழ்நோக்கி விசிறிவிட்டு நாலைந்து நிமிடம் விடுங்கள். காய விடக்கூடாது. சிவப்புத் தண்ணீர் கதவு விளிம்பால் கோடு கோடாக வழிந்து இறங்கும். அது தெளிந்து வருமட்டும் குழாயால் அடியுங்கள். அதற்குப் பிறகுதான் கார் கழுவுகிற கையுறை.

வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் ஷம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு கதவு முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீர் வாளியில் நன்றாக அலசிவிட்டுத்தான் ஷம்பூ வாளிக்குப் போக வேண்டும். முடிவில் அந்த வாளியின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள், நறநற என்று மணல் கிடக்கும். ஒரே வாளி என்றால் அவ்வளவும் திரும்பக் காருக்குத்தான் போயிருக்கும். கதவுக்குக் கீழ்ப் பகுதியைக் கடைசியாக, வேறு துணியால் கழுவுங்கள். கோப்பை கழுவுகிற திரவம் வேண்டாம், பூசிய வக்ஸை, அதாவது மெழுகை, உரித்துவிடும்.

வெள்ளை வளையம் கல்சியமும் மக்னீசியமும். புதிது என்றால் வினாகிரியில் அதே அளவு தண்ணீர் கலந்து, நிழலில், ஆறின பெயின்ற்றில் துணியால் ஒற்றி, ஒரு நிமிடத்தில் கழுவிவிடுங்கள். வெயிலில் பலநாள் கிடந்து பெயின்ற்றை அரித்திருந்தால் வினாகிரி கேட்காது, பொலிஷ்தான்.

செரமிக் பற்றி: கெட்டதில்லை. ஆனால் அது மிக மெல்லிய படலம். கல் தெறித்தால் தடுக்காது. மணலோடு துடைத்தால் அதுவும் கீறும். உங்கள் தண்ணீரில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. செரமிக் அடித்த மேற்பரப்பில் தண்ணீர் உருண்டை உருண்டையாக நிற்கும். வெயிலில் அந்த உருண்டை அப்படியே காய்ந்தால் வளையம் அந்த இடத்தில் இறுகிவிடும். வளையத்துக்குத் தீர்வு தேடிச் செரமிக்குக்குப் போக வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கதவுத் தூணில் அல்லது பொனெற்றுக்குக் கீழே இருக்கிற தகட்டில் நிற இலக்கத்தைப் பாருங்கள். 202 என்று இருந்தால் அது ரொயோட்டாவின் பெயர்போன கறுப்பு. மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத காப்புப் பூச்சு இல்லாத, மென்மையான பெயின்ற். பார்த்தாலே கீறும் என்று சொல்வார்கள். வெள்ளைத் துணியில் துளி பொலிஷ் வைத்து ஒளிவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அதேதான்.

---

பழையசாரதி (புதுக்குடியிருப்பு)

தம்பி கரியன், பிள்ளை சொல்கிறது முழுக்கச் சரி. ஆனால் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. நான் பழைய ஒஸ்ரின் ஏ40 கார் ஓடிய ஆள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைத் துளித் துளியாக விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். பின்பக்கம் முழுக்கப் புகைக் கரி. கார் கழுவுகிறது என்றால் குளக்கட்டில் இறக்கி, தும்பால் உரஞ்சி, மாட்டோடு சேர்த்துக் குளிக்க வார்த்ததுதான். பெயின்ற் கேட்டால் ஊரில் கிடைத்த நிறம். அந்தக் கார் மினுங்கவில்லை, ஆனால் பிள்ளைப்பேற்றுக்கு எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஒரு விசயம் நீங்கள் இருவரும் மறந்துவிட்டீர்கள். ஏ9 றோட்டில் போகிற ஆள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் போக முடியாது. தேங்காய் அடித்து, கச்சான் வாங்கி, காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் வருவீர்களா? அது பொனெற்றில் காய்ந்தால் என்ன செய்வது?

---

வெள்ளைவகன்ஆர்

ஐயா, நல்ல கேள்வி. வெள்ளைக் காருக்கு அது இன்னும் கொடுமை, குங்குமச் சாயம் பெயின்ற்றில் ஊறினால் ரோசாப் பூவாக நிற்கும். நான் முன்கண்ணாடியின் மூலையில் வைக்கிறேன். கண்ணாடி சாயம் குடிக்காது. பிள்ளையார் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சரஸ்வதி பூசைக்கு அம்மா பொனெற்றில்தான் வைப்பேன் என்று நின்றால், முதல்நாளே அந்த இடத்தில் வக்ஸ் பூசிவிடுவேன். அன்றைக்கே ஈரத் துணியால் எடுத்துவிட்டால் போகும்.

அந்த வக்ஸும் பனை கொடுத்ததுதான் ஐயா. கார்னோபா என்று பிரேசிலில் ஒரு பனை இனம், அதன் ஓலையில் படிகிற மெழுகு.

---

பழையசாரதி

எங்கடை பனைக்கு அந்தப் புத்தி வரவில்லை. அது கள்ளோடு நின்றுவிட்டது.

---

கரியன்121

ரீச்சர், தகட்டைப் பார்த்தேன். 202. வெள்ளைப் பெனியன் துண்டில் தேய்த்தேன், கறுத்துவிட்டது. எனக்கு ஏனோ சந்தோசமாக இருக்கிறது, உலகத்தில் கஷ்டமான கறுப்பு என்னிடம்தான் இருக்கிறது என்று. மனுசிக்குச் சொன்னேன். ஒரு பார்வை பார்த்தா, அவ்வளவுதான்.

மாமாவுக்கு ரிம் பொறுப்புக் கொடுத்தாச்சு. பழைய பல்லுத் தூரிகை கொண்டு நட்டுக்கு இடையில் எல்லாம் போகிறார், என்னை விட மோசம். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர், அதுதான் உப்பு வடிகட்டின தண்ணீர், பாவிக்கலாமா? சந்தியில் குடிக்கிற தண்ணீர் விற்கிற மெசின் இருக்கிறது. ஒரு கலன் நிரப்பி வந்தால் போதாதா?

---

அலம்பில்காற்று

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் கடற்கரைப் பக்கம். மேலே மினுக்கி மினுக்கி அடியை விட்டவர்களின் கார்கள் இங்கே சில்லுக்கு மேல் வளைவில் கறள் பிடித்து உப்பிக் கிடக்கின்றன. உப்புக் காற்றுக்கு வக்ஸும் இல்லை செரமிக்கும் இல்லை, கீழ்ப்பக்கத்தைத் தண்ணீரால் அடிக்க வேண்டும். முல்லைத்தீவுக்குக் குளிக்க வருகிற பரந்தன்காரருக்கும் இது பொருந்தும். மணலில் இறக்கி நிறுத்திப் படம் எடுத்துவிட்டுப் போகிறீர்கள்.

---

வெள்ளைவகன்ஆர்

அலம்பில்காரர் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள், என் பட்டியலில் அது இல்லை.

கரியன் அண்ணை, ஆர்ஓ தண்ணீர் நல்ல வேலை செய்யும். ஆனால் குடிக்கிற தண்ணீர்க் கலனோடு காருக்குப் பக்கத்தில் நிற்பதை வீட்டார் கண்டால் நான் பொறுப்பில்லை. எங்கள் வீட்டில் ஒருமுறை அந்தக் கதை எழும்பி, சாப்பாட்டு மேசைவரை வந்தது. மாரி மழைத் தண்ணீர் சும்மா கிடைக்கிறதே. ஐப்பசி, கார்த்திகையில் பீலிக்குக் கீழே ஒரு பரல் வையுங்கள். முதல் மழையை விட்டுவிடுங்கள், அது கூரைத் தூசியோடு வரும். அடுத்த மழைகளைப் பிடித்து மூடி வைத்தால் பல கிழமைக்குக் காணும், நுளம்பு புகாமல் சீலை கட்டுங்கள். கடைசி அலசலுக்கு ஒரு வாளி போதும். விசிறாமல், கூரை உச்சியில் இருந்து மெதுவாகச் சரித்து ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாக இறங்கி மிச்சத் துளிகளையும் இழுத்துக்கொண்டு போகும். பிறகு மைக்ரோபைபர் துவாயைத் தேய்க்காமல் மேலே விரித்து ஒற்றி எடுங்கள்.

202க்குக் கட்டிங் கொம்பவுண்ட் போட்டுச் சுழல் மெசின் பிடிக்கிறவர்களிடம் காரைக் கொடுக்க வேண்டாம். விளிம்புகளில் அடிப் பூச்சு தெரிய நேரமே எடுக்காது. மென்மையான பெயின்ற் கீறுவதும் சுகம், கீறலை எடுப்பதும் சுகம். மெல்லிய பொலிஷ், பஞ்சு, கை. ஞாயிறுக்கு ஒரு கதவு என்று செய்யுங்கள். பிறகு வக்ஸ். செரமிக் காசுக்கு நீங்கள் சொன்ன மாட்டையே வாங்கலாம்.

---

மாங்குளம்மச்சான்

ரீச்சர், பகிடியை விடுவோம். தம்பியிடம் ஒரு அல்ரோ இருக்கிறது, பாலை மரத்துக்குக் கீழே நிற்கும். பழக் காலத்தில் குருவி எச்சத்தோடு பாலைப்பழப் பாலும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. நகத்தால் சுரண்டுகிறான். சரியா?

---

வெள்ளைவகன்ஆர்

சுரண்ட வேண்டாம், எச்சத்துக்குள் விதையும் மணலும் இருக்கும். துணியைத் தண்ணீரில் நனைத்து அதற்கு மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், ஊறித் தானே கழரும். பிசின் மிஞ்சினால் கொஞ்சம் மண்ணெண்ணெய், உடனே ஷம்பூ போட்டுக் கழுவ வேண்டும். அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். காரை மரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி நிறுத்தவும் முடியும் என்று தம்பிக்குச் சொல்லுங்கள்.