வேக ஆற்றில் பேடில்போர்டைத் திருப்புவது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆற்றுப்பித்தன்:
பேடில்போர்டில், அதாவது நின்றபடி துடுப்புப் போடும் பலகையில், ஏரியில் என்றால் ஓர் எட்டு பின்னால் வைத்து, பலகையின் மூக்கைத் தூக்கிச் சுற்றிவிடுவேன். ஆற்றில் அது எடுபடவில்லை. பாறைக்குப் பின்னால் தண்ணீர் எதிர்த்திசையில் திரும்பி ஓடுமே, அந்த எடியிலிருந்து வெளியே வரும்போதுதான் சிக்கல். மூக்கு பெரிய ஓட்டத்தைத் தொட்டதும் ஆறு வரும் பக்கமாகவே விழுகிறேன். யாருக்காவது இது சரியாகியிருக்கிறதா?

துடுப்புக்காரி:
எனக்கும் அதே பக்கம்தான் விழும். ஓட்டம் பலகையைக் காலடியிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறது, உடம்பு பின்தங்கிவிடுகிறது. ஆறு வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்திருந்தால் தண்ணீர் அதன்மேல் ஏறி அமுக்கவும் செய்யும். அதனால் எடியும் பெரிய ஓட்டமும் சந்திக்கும் எடிக் கோட்டைத் தாண்டும்போதே முழங்காலை மடக்கி, ஆறு போகும் பக்கம் எடையைப் போட்டுவிடுவேன். சைக்கிளில் வளைவுக்குள் சாய்கிற மாதிரிதான். பயத்தில் உடம்பு எதிர்ப்பக்கம் போகப் பார்க்கும், விடாதீர்கள்.

அப்புறம் துடுப்பு. கோட்டைத் தாண்டியதும் அதை ஓடும் தண்ணீரில், ஆறு போகும் பக்கம் ஊன்றிவிடுங்கள். திருப்புகிற வேலையை ஆறே பார்த்துக்கொள்ளும், நமக்கு ஒரு பிடியும் கிடைக்கும். மூக்கு ஆறு வரும் திசையைப் பார்த்து ஏறக்குறைய 45 பாகை சாய்வில், நல்ல வேகத்தோடு வெளியே வர வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் பாதிப் பலகை ஒரு ஓட்டத்திலும் மீதி இன்னொன்றிலும் மாட்டி இழுபடும். அங்கே யாராலும் நிற்க முடியாது.

கரையோரம்:
எடிக்குள் நுழையும்போது இதெல்லாம் தலைகீழ். மூக்கை எடி பிடித்து நிறுத்தும், உடம்பு ஆற்றோடு போகப் பார்க்கும். அதனால் ஆறு வரும் பக்கம் சாய வேண்டும். பாறையை ஒட்டி, எடியின் தலைப்பகுதியிலேயே நுழைவது எனக்குப் பிடிக்கும். கீழே போகப்போகக் கோடு கலங்கி அகன்றுவிடும்.

பலகையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடான நடு ஃபின் நீளமாக இருந்தால் கழற்றிவிட்டுக் குட்டையாக, வளையக்கூடியதாகப் போடுங்கள். பலகை லேசாகத் திரும்பும், பாறையிலும் தட்டாது. பலகையை உடம்போடு இணைக்கும் கயிறான லீஷைக் கணுக்காலில் கட்டவே கட்டாதீர்கள். எங்காவது சிக்கினால் ஓட்டத்தில் குனிந்து அவிழ்க்க முடியாது. இழுத்ததும் கழன்றுவிடும் இடுப்புப் பட்டைதான் சரி.

ஆற்றுப்பித்தன்:
நன்றி. இன்னொன்று: இடதுகாலை முன்னால் வைத்து நிற்பேன். இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் குதிகால் பக்கம் சாய நடுங்குகிறது. காலை மாற்ற வேண்டுமா?

துடுப்புக்காரி:
மாற்ற வேண்டாம். முழுசாகப் பக்கவாட்டில் நிற்காமல் இரண்டு பாதமும் மூக்கைப் பார்க்கட்டும், ஒன்று அரையடி பின்னால் இருந்தால் போதும். இரண்டு பக்கமும் சாய வரும்.