புதிதாக விட்ட 3 வெடைக்கோழிகளைப் பழைய கோழிகள் விரட்டி விரட்டிக் கொத்துகின்றன, என்ன செய்வது?

கேள்வி (கொல்லைப்புறம்)

வணக்கம். ஏற்கெனவே 6 பெட்டை, 1 சேவல் இருக்கின்றன, எல்லாமே ஒன்றரை வயதுக்கு மேல். 5 நாள் முன்பு 10 வாரம் ஆன 3 வெடைக்கோழிகள் (இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைகள்) வாங்கினேன். இருட்டியதும் பழைய கோழிகள் அடையும் கம்பிலேயே உட்கார வைத்துவிட்டால் காலையில் வித்தியாசம் தெரியாது என்று கேள்விப்பட்டு அப்படியே செய்தேன். விடிந்ததும் ரகளை.

கூண்டு 4க்கு 6 அடி. அதையொட்டி 8க்கு 10 அடி வலைத்தடுப்பு. அடையும் கம்பு ஒன்றுதான், 5 அடி நீளம். தீவனத் தொட்டி ஒன்று, தண்ணீர் ஒன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

இப்போது மூன்றும் முட்டைப் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன, ராத்திரியும் அங்கேதான். ஒன்றுக்கு உச்சந்தலையில் தோல் கிழிந்து ரத்தம். இன்னொன்று நேற்றிலிருந்து தும்முகிறது. பழையதில் ஒரு செம்பட்டைப் பெட்டைதான் முக்கியமாக வம்புக்குப் போகிறது. "ரெண்டு நாளில் தானா அடங்கிடும், விட்டுடு" என்கிறார்கள். விடலாமா?

பதில் (கூண்டும் கம்பும்)

விடாதீர்கள். மூன்றையும் இப்போதே தனியே எடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

"தானா அடங்கும்" என்பது எப்போது சரி, எப்போது தவறு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கோழி ஓடி வந்து ஒரு கொத்து கொத்துகிறது, புதியது விலகுகிறது, பழையது திரும்பிப் போய் மேய்கிறது என்றால் அது யார் மேல், யார் கீழ் என்ற வரிசை முடிவாவது. அதில் நாம் குறுக்கே போனால் முடிவாகாமல் இழுக்கும். விலகி ஓடிய பிறகும் துரத்துவது, மூலையில் மடக்கி முதுகில் ஏறிக் கொத்துவது, இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றின்மேல் பாய்வது, ரத்தம், இவற்றில் எது வந்தாலும் பிரித்தாக வேண்டும். கோழிக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தாமல் இருக்க முடியாது. அதுவரை சும்மா இருந்த கோழிகூட அந்தக் காயத்துக்கு வரும்.

கோழிகளுக்குள் இப்படி ஒரு வரிசை இருப்பதை நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே 1922-ல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். யார் யாரைக் கொத்தலாம் என்பது அதுஅதற்குத் தெரியும். புதிதாக ஒன்று வந்தாலும், ஒன்று காணாமல் போனாலும் அந்தக் கணக்கை மறுபடி போட்டாக வேண்டும். ராத்திரியில் கம்பில் வைத்தால் காலையில் மறந்துவிடாது. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, அவ்வளவுதான். வெளிச்சம் வந்ததும் அந்நியக் கோழி தன் கூண்டுக்குள் நிற்கிறது, ஓட வழியும் இல்லை. ராத்திரி கம்பில் வைப்பது கடைசிப் படி. அதை நீங்கள் முதல் படியாக வைத்துவிட்டீர்கள்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். இன்று இருட்டியதும் மூன்றின் தீனிப்பையையும் தொட்டுப் பாருங்கள், கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் வலப்பக்கம். நாள் முழுக்கத் தின்ற கோழிக்கு அங்கே பிசைந்த மாவு உருண்டை மாதிரி கனமாக இருக்கும். தட்டையாக, தோல் மட்டும் கையில் வந்தால் பட்டினி. அடுத்தது தும்மல்: மூக்குத் துளையோரம் தீவனத்தூள் ஒட்டியிருக்கிறதா, கண்ணில் நுரை, முகத்தில் வீக்கம், கெட்ட வாடை உண்டா?

கொல்லைப்புறம்

உடனே எடுத்து அட்டைப் பெட்டியில் வைத்துத் தண்ணீர் தீவனம் கொடுத்தேன், பாய்ந்து தின்றன. தின்பதற்கு முன் பார்த்தபோது இரண்டுக்குத் தீனிப்பை காலி, காயம்பட்டதுக்குப் பாதி. மூக்கு சுத்தமாக இருக்கிறது. கண்ணில் நுரை இல்லை, வீக்கம், வாடை எதுவும் இல்லை. பெட்டிக்கு வந்த பிறகு தும்மல் குறைந்த மாதிரி இருக்கிறது.

பதில் (எச்சம் பார்ப்பவர்)

தும்மல் குறைந்தது நல்ல அறிகுறி. முட்டைப் பெட்டிக்குள் சொந்த எச்சத்தின் மேலேயே 5 நாள் கிடந்திருக்கின்றன, அம்மோனியா நெடி போதும் தும்ம. ஆனால் முடிவு கட்டிவிட வேண்டாம்.

புதுக்கோழி வந்தால் 30 நாள் தனியே வைக்க வேண்டும். குறைந்தது 10 மீட்டராவது தள்ளி, தனித் தொட்டி, தனிச் செருப்பு. தினமும் முதலில் பழைய கோழிகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் புதியதிடம் போக வேண்டும். வெள்ளைக்கழிச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ளும் சில சமயம் 15 நாள் வரையும் எடுத்து வெளியே தெரியும். மைக்கோபிளாஸ்மா, கொரைசா போன்ற மூச்சுநோய் வந்து தேறிய கோழி பார்க்க நலமாகவே இருக்கும், ஆனால் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். அதற்காகத்தான் 30 நாள்.

உங்கள் விஷயத்தில் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. 5 நாள் ஒரே தண்ணீரைக் குடித்தாயிற்று. இனி 10 மீட்டர் தள்ளி வைத்தாலும் பழைய கோழிகளைக் காப்பாற்றியதாகாது. எனவே பத்தையும் ஒரே கூட்டமாக நினைத்து 30 நாள் கவனியுங்கள், இந்த நாட்களில் வேறு கோழி எதுவும் உள்ளே வரவும் வேண்டாம், வெளியே போகவும் வேண்டாம். கண்ணில் நுரை, முகவீக்கம், வாய் திறந்து மூச்சு வாங்குதல், பச்சைக் கழிச்சல், இவற்றில் ஒன்று வந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக ஆன்டிபயாட்டிக் கலக்க வேண்டாம், பிறகு பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகும்.

இப்போதைக்கு எனக்குத் தும்மலைவிட ரத்தக்கழிச்சல்தான் பயம். பழைய கோழிகளுக்கு அந்த மண்ணிலிருக்கும் காக்சிடியாவுக்கு (ரத்தக்கழிச்சல் கிருமி) எதிர்ப்பு வந்திருக்கும், ஆனால் அவற்றின் எச்சத்தில் அந்தக் கிருமியின் முட்டைகள் வெளியேறிக்கொண்டேயிருக்கும். புதிய மண்ணுக்கு வந்த வெடைக்கு 5 முதல் 7 நாளில் தாக்கும், அதாவது இப்போது. வெடைகளுக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்து தினமும் எச்சத்தைப் பாருங்கள். செங்கல் நிறச் சளி, ரத்தம், கூடவே இறகைச் சிலிர்த்துக் கண்ணை மூடி நின்றால் காத்திருக்க வேண்டாம். ஆம்ப்ரோலியம் குடிநீரில் 0.024% வரும்படி 3 முதல் 5 நாள், பிறகு 0.006% ஒன்று இரண்டு வாரம். மருந்தின் செறிவு டப்பாவுக்கு டப்பா மாறும், லேபிளைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். வேறு தண்ணீர் வைக்கக் கூடாது. அந்த நாட்களில் பி வைட்டமின் டானிக் கலக்காதீர்கள். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே பி1 இடத்தைப் பிடித்துக்கொள்வதால்தான், டானிக் கொடுத்தால் மருந்து வீண்.

தலைக்காயத்தைப் பொவிடோன் அயோடினை இளந்தேநீர் நிறத்துக்குக் கலக்கித் துடைத்துக் காயவிட்டு, ஜென்ஷன் வயலெட் (ஊதா நிற மருந்து) தடவுங்கள். சிவப்பை மறைப்பதற்காகத்தான் அது. காலை, மாலை ஈ மொய்க்கிறதா, புழு வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கொல்லைப்புறம்

சரி. தனியே வைத்தாயிற்று. எப்போது, எப்படிச் சேர்ப்பது? என் கூண்டில் இடமே போதாதோ?

பதில் (கூண்டும் கம்பும்)

கணக்கைப் பாருங்கள். உள்ளே கோழிக்கு 4 சதுர அடி வேண்டும். உங்களுடையது 24 சதுர அடி, 10 கோழிக்கு 2.4தான். கம்பில் ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குலம், அதாவது 10 கோழிக்கு 80 அங்குலமாவது வேண்டும், உங்களிடம் 60. வெடைகள் முட்டைப் பெட்டியில் அடைவதற்குக் காரணமும் இதுதான், கம்பில் பழையவை அவற்றுக்கு இடம் விடாது. வெளித்தடுப்பு 80 சதுர அடி, அது பரவாயில்லை. செம்பட்டைப் பெட்டையைக் குறை சொல்வதற்கு முன் கூண்டைப் பெரிதாக்க வேண்டும். இரண்டாவது கம்பு 4 அடி நீளத்தில் போடுங்கள், முதல் கம்பிலிருந்து 1 அடி தள்ளி, அதே உயரத்தில். ஒன்று மேலே ஒன்று கீழே என்று போட்டால் மேல் கம்புக்கே சண்டை.

வெளித்தடுப்பில் 8க்கு 4 அடியை வலையால் பிரித்து மூன்றையும் அங்கே விடுங்கள், ராத்திரிக்கு உள்ளேயே மூடிய ஒரு பெட்டியும் கம்பும். வலைக்கண் அரை அங்குலம். 2 அங்குல வலை என்றால் தலையை நுழைத்துக் கொத்து வாங்கும். முதல் 2 நாள் வலையின் பாதியைச் சாக்கால் மறையுங்கள், பார்க்கப் பிடிக்காத நேரம் ஒதுங்கிக்கொள்ளும். மூன்றாம் நாள் முதல் இரண்டு பக்கத் தீவனத் தொட்டியையும் வலையோரம் நேருக்கு நேர் வையுங்கள். நடுவே வலை இருக்க, பக்கத்தில் நின்று தின்றே பழகும்.

எத்தனை நாள்? வழக்கமாக 10 முதல் 14 நாள் போதும். உங்கள் வெடைகளுக்கு 10 வாரம்தான் ஆகிறது, பெட்டைகளில் பாதி எடைகூட இருக்காது. உருவம் ஏறக்குறைய சமமாகும்வரை, 14 முதல் 16 வாரம் வரை, வலைக்குப் பின்னாலேயே வைப்பது நல்லது. அந்த 30 நாள் கவனிப்பும் அதற்குள் முடிந்துவிடும்.

பதில் (தீவன மூட்டை)

ஒன்று விட்டுப்போகிறது. வெடைகளுக்கு முட்டைக்கோழித் தீவனம் போடாதீங்க. அதில் கால்சியம் 3.5 முதல் 4%, வளர்கோழித் தீவனத்தில் ஏறக்குறைய 1%தான். முட்டை போடாத கோழிக்கு அவ்வளவு கால்சியம் நாள்கணக்கில் போனால் சிறுநீரகம் கெட்டுப்போகும். சேர்த்த பிறகு எது எதைத் தின்னுதுன்னு பிரிக்கவே முடியாது. அதனால் எல்லாத்துக்கும் வளர்கோழித் தீவனம் வையுங்க, கிளிஞ்சலை ஒன்றிரண்டா உடைச்சுத் தனிக் கிண்ணத்துல வையுங்க. முட்டை போடுற பெட்டை தனக்கு வேண்டியதை அதுவே போய்க் கொத்திக்கும். மூன்றும் முட்டைக்கு வந்த பிறகு மாத்தலாம்.

கொல்லைப்புறம்

நன்றி. செம்பட்டையை என்ன செய்ய? சேவல் ஏதாவது செய்யுமா?

பதில் (கூண்டும் கம்பும்)

சேவல் பெரும்பாலும் பெட்டைகளின் சண்டைக்குள் புகுந்து பிரித்துவிடும், அது உங்களுக்கு உதவிதான். ஆனால் முட்டைக்கு வராத வெடைமேல் ஏறப் பார்த்தால் சில நாள் சேவலைப் பிரித்து வையுங்கள்.

வலைக்கு இருபுறமும் நின்று எல்லாம் அமைதியாகத் தின்கிற பிறகும் செம்பட்டை மட்டும் வலையோரம் ஓடி ஓடிக் கொத்த வந்தால், வலையைத் திறப்பதற்கு முந்தின நாள் அதைப் பிடித்து, மற்றவற்றின் கண்ணில் படாத இடத்தில் 3, 4 நாள் வையுங்கள். தண்ணீர், தீவனம், நிழல் எல்லாம் கொடுத்துத்தான். அதற்குள் மீதி 5 பெட்டையும் வெடைகளும் தமக்குள் கணக்கை முடித்துக்கொள்ளும், செம்பட்டை திரும்பும்போது அதுதான் புதுக்கோழி. வாரக்கணக்கில் வைத்துவிடாதீர்கள், பிறகு அதை மற்றவை கிழிக்கும்.

திறக்கும் நாள் காலையில் வேண்டாம், பொழுது சாய 2 மணி நேரம் இருக்கும்போது. எல்லாம் வயிறு நிறைந்து, அடையும் நினைப்பில் இருக்கும் நேரம் அது. தீவனம் இரண்டு, தண்ணீர் இரண்டு, ஒன்றின் பக்கத்தில் நின்று பார்த்தால் மற்றொன்று தெரியாதபடி இடையில் பலகையோ கூடையோ. மூலைகளில் சாய்வாகப் பலகை நிறுத்துங்கள், மடக்கப்பட்டால் பின்னால் புகுந்து மறுபக்கம் வெளியே வரலாம். பழைய தடுப்பை எடுத்துவிடாமல் அதில் ஒரு துளை விடுங்கள்: வெடையின் நெஞ்சு நுழைய வேண்டும், பெரிய பெட்டையின் நெஞ்சு நுழையக் கூடாது. கோழியைக் கையில் பிடித்தே அளந்து பாருங்கள். அந்தப் பக்கம் ஒரு தொட்டி எப்போதும் இருக்கட்டும்.

முதல் மூன்று நாளும் இருட்டியதும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். காலியாக இருந்தால் வலைக்குப் பின்னால் திருப்பி விட்டு இன்னொரு வாரம் பொறுங்கள். பழையவை ஒன்றிரண்டு வாரம் முட்டையைக் குறைக்கலாம், திரும்பி வரும்.

இருட்டில் கம்பில் உட்கார வைப்பது அந்த முதல் ராத்திரிதான். உட்கார வைத்தால், மறுநாள் கோழி கம்பைவிட்டு இறங்கும் முன்பே எழுந்து கூண்டுக் கதவைத் திறந்துவிடுங்கள். கொத்து பெரும்பாலும் நடப்பது விடிந்த பிறகு கதவு திறக்கும்வரை உள்ளே நெருக்கியடித்து நிற்கும் அந்த நேரத்தில்தான்.