நீள முகத்துக்கு எந்த முடிவெட்டு எடுப்பா இருக்கும்?

கேள்வி – ஓசூரிலிருந்து
நெற்றி முடியிலிருந்து மோவாய் வரை 20 செ.மீ., கன்னத்துக்குக் கன்னம் 13 செ.மீ. வருது. முடி இடுப்பு வரை, லேசான நெளி. நடு வகிடு எடுத்துப் பின்னினா முகம் இன்னும் நீண்டு தெரியுது. நீளத்தைக் குறைக்க மனசில்லை. ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணலாமா? தம்பிக்கும் இதே முகவெட்டு. சலூன்ல பக்கத்தை ஒட்ட வழிச்சு மேல தூக்கி விட்டுடறாங்க.

பதில் – காவேரிப்பட்டினம்
ஸ்ட்ரெய்ட்டனிங் வேண்டவே வேண்டாம்மா. முடி ரெண்டு பக்கமும் படிஞ்சு தொங்கினா முகத்தை இன்னும் கீழே இழுக்கும். உங்க நெளிதான் உங்களுக்குப் பலம், காதுப்பக்கம் அதுவே அகலம் கொடுக்கும்.

பின்னல் நீளம் அப்படியே இருக்கட்டும், முன்முடியை மட்டும் வெட்டச் சொல்லுங்க. நெற்றி முடியிலிருந்து பின்னால மூணு விரற்கடை தள்ளி ஒரு புள்ளி. அங்கிருந்து ரெண்டு புருவ ஓரத்துக்கும் கோடு இழுத்தா ஒரு முக்கோணம் வரும். அந்த முடி மட்டும் போதும். உச்சி வரைக்கும் பிரிச்சா முன்னால பாரமாகி, பின்னல் மெலிஞ்சிடும். நடுவில் மூக்குத்தண்டு அளவு, ஓரத்தில் கன்ன எலும்பு வரை சரிவா இறங்கணும். லேயரும் (அடுக்கடுக்கா வெட்டறது) போடறதா இருந்தா, முதல் லேயர் மோவாய்க்கு மேலேயே தொடங்கணும். பார்லர்ல நெஞ்சுக்குக் கீழே லேயர் போட்டு அனுப்பினா முகத்துக்கு ஒரு பயனும் இல்லை.

ஈரத்துல வெட்டினா 2 செ.மீ. கூடுதலா விடச் சொல்லுங்க. நெளி முடி காய்ஞ்சதும் சுருங்கி மேலே ஏறும். பாதி நெற்றியில நிக்கிற முன்முடி எல்லாம் இப்படி வந்ததுதான்.

வகிடு புருவ வளைவுக்கு நேரே இருக்கட்டும். பின்னி முடிச்சதும் காதுக்கு மேல விரலை விட்டுக் கொஞ்சம் தளர்த்துங்க. மல்லிகையை உச்சியில வைக்காம காதுக்குப் பின்னால தாழ்த்தி வைங்க.

பதில் – பாலக்கோடு
தம்பிக்கு: மெஷின்ல ஜீரோ, ஒண்ணாம் நம்பர் ரெண்டும் கூடாது. காதுக்கு மேல நாலாம் நம்பர், அதாவது 13 மி.மீ., அதுக்கும் மேல கத்திரிதான். உச்சியில 5 செ.மீ. போதும், தூக்காம முன்னாலயோ பக்கவாட்டிலோ சீவணும். தாடி வெச்சா கன்னத்தில் 6 மி.மீ., மோவாயில் 3 மி.மீ. மோவாயில மட்டும் விடற குறுந்தாடி நீளத்தைக் கூட்டிடும்.

கேட்டவர்
நன்றிங்க. நெற்றியில இடப்பக்கம் சுழி இருக்கே, முன்முடி நிக்குமா?

பதில் – காவேரிப்பட்டினம்
நேரா வெட்டினா சுழி இருக்கிற இடத்துல பிளந்து நிக்கும். சரிவா வெட்டினா தெரியாது. தலைக்கு ஊத்தினதும், காயறதுக்கு முன்னாடியே சுழிக்கு எதிர்ப்பக்கமா ரெண்டு நிமிஷம் சீவி விடுங்க. காய்ஞ்ச பிறகு சீவினா படியாது. போர் தண்ணி உப்பா இருந்தா முன்முடி நார் மாதிரி விறைக்கும், கடைசிச் சொம்பை மட்டும் குழாயில வர்ற ஒகேனக்கல் குடிதண்ணியில ஊத்துங்க. மாசம் ஒரு செ.மீ. வளரும், அதனால ஆறு வாரத்துக்கு ஒருக்கா நுனி எடுக்கணும்.