யுனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால்: புது லைன் ஜட்ஜ் எதைப் பார்க்க வேண்டும்?

இனியன்_லெஸ்டர்

வணக்கம். பாஃப்ரா (பிரிட்டிஷ் அமெரிக்கன் ஃபுட்பால் நடுவர் சங்கம்) நடத்தும் அறிமுகப் பயிற்சி முடிந்துவிட்டது. நவம்பரில் பக்ஸ் (பிரிட்டிஷ் பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பு) நடத்தும் யுனிவர்சிட்டி ஆட்டங்களில் லைன் ஜட்ஜாக, அதாவது பக்கக் கோட்டோரம் நிற்கும் நடுவராகப் போடுவார்கள். விதிப்புத்தகம் படித்தாயிற்று. ஆனால் ஸ்னாப் ஆகும் (பந்து ஆட்டத்துக்கு வரும்) நேரத்தில் கண் எங்கே இருக்க வேண்டும், அடுத்து எங்கே போக வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) பார்த்தே பழகியவர்கள் இங்கே எதில் தடுக்கி விழுவார்கள்? ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் என்னென்ன சரிபார்க்க வேண்டும்? ஐந்து பேருக்குப் பதில் நான்கு அதிகாரிகள்தான் வந்தால் லைன் ஜட்ஜ் வேலை எப்படி மாறும்? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோட்டோரம்

முதலில் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: பந்தைப் பார்ப்பது பார்வையாளர்களின் வேலை. உங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஆட்களைப் பார்த்தால் போதும், பந்து தேவையான நேரத்தில் தானாக உங்கள் கண்ணில் படும்.

ஸ்னாப்புக்கு முன்: விரலில் மாட்டிய எலாஸ்டிக் பட்டையில் டவுன் எண் (பத்து யார்டு போக ஆஃபென்ஸுக்கு, அதாவது பந்து வைத்திருக்கும் அணிக்கு, உள்ள நான்கு முயற்சிகளில் எத்தனையாவது என்பது) சரியா என்று பாருங்கள். பக்கக் கோட்டுக்கு வெளியே, ஸ்க்ரிம்மேஜ் கோட்டுக்கு (ஸ்னாப்புக்கு முன் பந்து இருக்கும் கோட்டுக்கு) நேராக நில்லுங்கள். இரு அணிக்கும் நடுவே உள்ள நியூட்ரல் ஸோன் என்பது பந்தின் நீளம்தான், ஓரடிக்கும் குறைவு. இரண்டு யார்டு தள்ளி நின்றால்கூட ஆஃப்சைடை (ஸ்னாப்புக்கு முன் கோட்டைத் தாண்டுவதை) சரியாகச் சொல்ல முடியாது.

உங்கள் பக்கம் கடைசியில் நிற்கும் ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்) கோட்டில் இருக்கிறாரா, பின்னால் இருக்கிறாரா? பின்னால் என்றால் கையை ஆஃபென்ஸின் பின்பக்கமாக நேராக நீட்டி, ஸ்னாப் ஆகும்வரை அப்படியே வைத்திருங்கள். எதிர்ப்பக்கம் டவுன் ஜட்ஜும் இதையே செய்வார். இந்தச் சைகை எதற்கு என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பேக்ஃபீல்டில் (கோட்டுக்குப் பின்னால்) அதிகபட்சம் நான்கு பேர்தான் இருக்கலாம். இரண்டு பக்கமும் கை நீண்டிருந்தால் ஓரத்திலேயே இரண்டு பேர் கணக்கில் வந்துவிட்டார்கள். குவார்ட்டர்பேக், ஒரு ரன்னிங் பேக் சேர்த்தால் நான்கு. உள்ளே இன்னொரு ஸ்லாட் ரிசீவரும் பின்னால் நின்றால் ஐந்து, இல்லீகல் ஃபார்மேஷன் (தவறான அணிவகுப்பு), 5 யார்டு தண்டனை. கை நீட்டாமல் விட்டால் எதிர்ப்பக்க ஆளுக்கு இந்தக் கூட்டல் வராது. கோட்டில் நிற்பவர்களில் குறைந்தது ஐந்து பேர் 50 முதல் 79 வரையிலான எண் போட்டிருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். ஜெர்சி பற்றாத யுனிவர்சிட்டி அணிகளில் இது அடிக்கடி தவறும்.

ஸ்னாப்: உங்கள் பக்க டேக்கிளின் (ஆஃபென்ஸின் தடுப்பு வரிசையில் ஓரத்தில் நிற்பவரின்) முதல் அசைவைப் படியுங்கள். முன்னால் பாய்ந்து தள்ளினால் ரன். பின்வாங்கி உடம்பை நிமிர்த்தினால் பாஸ்.

ரன் உங்கள் பக்கம் வந்தால் உள்ளே போகாதீர்கள். ஓரடி ஈரடி வெளியே பின்வாங்கி, ஓடுபவரைத் தாண்ட விட்டு, பின்னாலேயே தொடருங்கள். முதல் பார்வை அவருக்கு முன்னால் நடக்கும் தடுப்பில் இருக்கட்டும். அங்கேதான் ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்துத் தடுப்பது) நடக்கும். ரன் எதிர்ப்பக்கம் போனால் அவசரப்பட்டுக் கூடவே ஓடாமல் பின்னால் மிச்சமிருப்பவர்களைக் கவனியுங்கள். பந்து போய்விட்டது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் ஆட்கள் குத்துகிறார்கள்.

பாஸ் என்றால் மெதுவாக ஐந்தாறு யார்டு ஆஃபென்ஸ் போகும் திசையில் நகர்ந்து உங்கள் பக்க ரிசீவரைப் பாருங்கள். பக்கவாட்டில் சட்டென்று வீசும் பாஸ் பின்னோக்கிப் போனதா என்பதும் உங்கள் கணக்கு. பின்னோக்கிப் போயிருந்தால் கையைப் பின்பக்கம் குத்திக் காட்டுங்கள். அது தரையில் விழுந்தாலும் பந்து உயிரோடுதான் இருக்கிறது என்று மற்ற அதிகாரிகளுக்குத் தெரிய வேண்டும்.

ஸ்பாட் (ப்ளே முடிந்த இடத்தைக் குறிப்பது) வைக்கும்போது: ஓடுபவரின் முன்னேற்றம் நின்ற இடத்துக்குப் பக்கக் கோட்டின் வழியாகப் போய், அங்கிருந்து தொண்ணூறு டிகிரியில் உள்ளே திரும்புங்கள். மூலைவிட்டமாக ஓடி வந்தால் ஒரு யார்டாவது நழுவும். நான்காவது டவுனில் அந்த ஒரு யார்டுக்குத்தான் பயிற்சியாளர் கத்துவார், அது நியாயமும்கூட. கோல் லைன் பக்கத்தில் முறை வேறு. 5 யார்டு கோட்டிலோ அதற்கு உள்ளேயோ ஸ்னாப் என்றால், ஸ்னாப் ஆனதும் நேராகக் கோல் லைனுக்குப் போய்விடுங்கள். பந்து எட்டவில்லை என்றால் அங்கிருந்து திரும்பி வந்து ஸ்பாட் கொடுக்கலாம். பந்தை ஆட்டக்காரர் கையில் உங்கள் கண்ணால் பார்க்காமல் டச் டவுன் என்று இரு கையையும் தூக்காதீர்கள்.

நான்கு அதிகாரிகள் என்றால், ஆழத்தில் நிற்கும் பேக் ஜட்ஜ் இருக்க மாட்டார். ஆழத்தில் நடக்கும் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (பாஸ் பிடிக்கப் போகிறவரைத் தடுப்பது), எண்ட் லைன் (மைதானத்தின் கடைசிக் கோடு) ஓரத்துக் கேட்ச் இரண்டும் ஓர அதிகாரிகளின் தலையில் விழும். அதனால் ஸ்க்ரிம்மேஜ் கோட்டை முன்னதாகவே விட்டுவிட்டு ஆழமாகப் போக வேண்டி வரும். அப்போது கோட்டருகே நடக்கும் சின்னச் சின்ன ஹோல்டிங் தப்பிப்போகும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஃபீல்ட் கோல் உதைக்கு யார் போஸ்ட் அடியில் போவது, ப்ளே கிளாக்கும் கேம் கிளாக்கும் யார் கையில் என்பதை உடை மாற்றும்போதே பேசி முடியுங்கள்.

வெள்ளைத்தொப்பி

தம்பி, மைதானத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோட்டோரம் சொன்னதற்கு முதல் இது வரவேணும், ஏனென்றால் இது சரிவராவிட்டால் ஆட்டமே இல்லை.

முதலாவது மருத்துவக் குழு. அவர்கள் வந்து நிற்பதை றெஃபறி (தலைமை நடுவர்) தன் கண்ணால் காணாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது. இடையில் காயப்பட்டவருடன் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால், பதில் ஆள் வரும்வரை ஆட்டம் நிற்கும். வீட்டு அணி எவ்வளவு கெஞ்சினாலும் இதில் தளர்வு இல்லை. தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தால் நேரத்தை நிறுத்தி ஆளை வெளியே அனுப்புங்கள். அவர் திரும்ப வரலாமா என்று முடிவெடுப்பது உங்கள் வேலை அல்ல. 2023இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட அடித்தட்டு விளையாட்டுக்கான வழிகாட்டியின்படி, சந்தேகம் இருந்தாலே அன்று திரும்ப ஆடக் கூடாது. போட்டிக்குத் திரும்ப ஆகக் குறைந்தது 21 நாள். பயிற்சியாளர் வாதாடினால் இதைச் சொன்னால் போதும், நீட்டிக் கதைக்கத் தேவையில்லை.

இரண்டாவது வெளிச்சம். நவம்பர் கடைசியில் லண்டனிலேயே நாலு மணிக்கு முன்னமே சூரியன் மறைந்துவிடும், எடின்பரோவில் இன்னும் கொஞ்சம் முந்தி. ஆட்டம் முடிய இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம் பிடிக்கும். மின்விளக்கு இல்லாத மைதானத்தில் இரண்டு மணிக்குத் தொடங்கினால் கடைசிக் கால் பகுதி இருட்டில்தான் நடக்கும். இருட்டிவிடும் என்று றெஃபறி நினைத்தால் ஆட்டம் தொடங்க முன்னமே கால் பகுதிகளின் நேரத்தைக் குறைக்கலாம், ஆனால் நான்கும் சம அளவாக இருக்க வேணும். தொடங்கிய பிறகு குறைப்பதென்றால் இரண்டு தலைமைப் பயிற்சியாளரும் றெஃபறியும் ஒத்துக்கொள்ள வேணும். இந்தக் கதையை நாணயச் சுண்டலுக்கு முதலே முடித்துவிடுங்கள். தோற்கிற பக்கம் மூன்றாவது கால் பகுதியில் ஒருபோதும் சம்மதிக்காது.

மூன்றாவது போஸ்ட். பெரும்பாலும் றக்பி மைதானத்தில்தான் ஆட்டம். றக்பி போஸ்டின் அகலம் 5.6 மீற்றர், எங்களுடையது 18 அடி 6 அங்குலம், அதாவது 5.64 மீற்றர். குறுக்குத் தண்டு அங்கே 3 மீற்றர், இங்கே 10 அடி. உதைக்கு வித்தியாசம் இல்லை. பிரச்சினை போஸ்ட் நிற்கும் இடம். றக்பியில் அது ட்றை லைனில் (புள்ளி எடுக்கும் கோட்டில்) நிற்கும். இரண்டு ட்றை லைனுக்கும் இடையில் 100 மீற்றர் இருந்தால் அது 109 யார்டுதான். எங்களுக்கு இரு முனையிலும் எண்ட் ஸோன் (கோல் லைனுக்கும் எண்ட் லைனுக்கும் இடைப்பட்ட பகுதி) சேர்த்து 120 யார்டு வேணும். நடுவில் வைத்துக் கோடு போட்டால் ஒவ்வொரு போஸ்டும் எண்ட் ஸோனுக்குள்ளேயே, எண்ட் லைனிலிருந்து ஐந்து யார்டு உள்ளே நிற்கும். முழு வேகத்தில் ஓடி வரும் ரிசீவர் பின்னால் பார்த்துக்கொண்டே அதில் மோதுவார். நிலத்திலிருந்து 6 அடி உயரத்துக்குப் பஞ்சு உறை கட்டாயம், கட்டியிருக்கும் கயிற்றையும் இழுத்துப் பாருங்கள். பந்து போஸ்டில் பட்டால் என்ன தீர்ப்பு என்று இரு பயிற்சியாளருக்கும் முன்கூட்டியே ஒரே நேரத்தில் சொல்லிவிடுங்கள்.

பழைய றக்பி வெள்ளைக் கோடும் எங்கள் கோடும் ஒரே நிறத்தில் இருந்தால் பக்கக் கோட்டில் ஆரஞ்சுக் கூம்புகளை வைப்பியுங்கள். லைன் ஜட்ஜுக்குத்தான் அதில் ஆக அதிகம் குழப்பம் வரும்.

இடி கேட்டால் எல்லோரும் உள்ளே. கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் எண்ண வேணும், நடுவில் இன்னொன்று கேட்டால் திரும்ப முதலிலிருந்து.

மூன்றாம்_டவுன்

என்எஃப்எல் பழக்கம் பற்றி. இங்கே விதி ஐஎஃப்ஏஎஃப் (சர்வதேச அமெரிக்கன் ஃபுட்பால் கூட்டமைப்பு) புத்தகத்தை ஒட்டியது, அது அமெரிக்கக் கல்லூரி விதியிலிருந்து வந்தது. ஆகவே ஞாயிறு இரவு டிவியில் பார்ப்பதை அப்படியே மைதானத்துக்குக் கொண்டு வரக் கூடாது.

கேட்ச்சுக்கு ஒரு கால் உள்ளே பட்டால் போதும். பந்து வைத்திருப்பவர் யாரும் தொடாமலே வழுக்கி முழங்கால் தரையில் பட்டாலும் ப்ளே முடிந்தது, எழுந்து ஓட முடியாது. ஈரமான புல்லில் இது ஆட்டத்துக்கு ஆட்டம் நடக்கும். டிவி பார்த்தே வளர்ந்த ஆட்டக்காரர்கள் எழுந்து ஓடிக்கொண்டே இருப்பார்கள், விசில் உடனே வர வேண்டும். டிஃபென்ஸின் (பந்து இல்லாத அணியின்) பாஸ் இன்டர்ஃபியரன்ஸுக்கு அதிகபட்சம் 15 யார்டும் முதல் டவுனும்தான். நாற்பது யார்டு தாண்டி நடந்தாலும் அந்த இடத்தில் பந்து வைக்க மாட்டோம். டச் டவுனுக்குப் பிறகான ட்ரை (கூடுதல் புள்ளிக்கான முயற்சி), உதையானாலும் ஓட்டமானாலும் 3 யார்டு கோட்டிலிருந்துதான். தலையால் குறிவைத்து மோதும் டார்கெட்டிங்குக்கு 15 யார்டோடு ஆள் வெளியேற்றம். வீடியோ பார்த்து மாற்ற இங்கே வழி இல்லை, அதனால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகித்ததைச் சொல்லாதீர்கள்.

ஹோல்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. புதியவர்கள் சட்டையில் கை பட்டாலே தவறைக் காட்டும் கொடியை எறிகிறார்கள். பிடித்ததால் டிஃபென்ஸ் ஆள் உண்மையில் தடைபட்டாரா, அது ஓட்டம் போகும் பக்கத்தில் நடந்ததா, இரண்டுக்கும் ஆமாம் என்றால் கொடி. ஓட்டம் இடப்பக்கம் போகும்போது வலக்கோடியில் லேசாக இழுத்ததற்கு அந்த ஆளிடம் ஒரு எச்சரிக்கை போதும். ஆனால் உடம்புக்கு ஆபத்தான எதற்கும் இந்தச் சலுகை கிடையாது, எங்கே நடந்தாலும் கொடிதான்.

இனியன்_லெஸ்டர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. வெள்ளைத்தொப்பி அண்ணா, போஸ்ட் கணக்கை யோசித்தே பார்த்ததில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். விசில் எப்போது ஊத வேண்டும், தவறி ஊதிவிட்டால் என்ன ஆகும்? ஒருவேளை டவுன் ஜட்ஜ் இடத்தில் போட்டுவிட்டால் செயின் (பத்து யார்டு அளக்கும் சங்கிலி) ஆட்களிடம் என்ன சொல்வது?

மூன்றாம்_டவுன்

விசிலுக்கு ஒரே விதி: பந்தைப் பார்க்கவில்லை என்றால் ஊதாதீர்கள். குவியலுக்குள் பந்து இருக்கும் என்று நினைத்து ஊதும்போதுதான் அது வெளியே உருண்டுகொண்டிருக்கும். ஓடுபவர் கையில் பந்து இருக்கும்போது தவறி ஊதினால், அந்த இடத்திலேயே நிறுத்துவதா, டவுனைத் திரும்ப ஆடுவதா என்று அந்த அணி தேர்ந்தெடுக்கும். ஃபம்பிள் ஆகி, அதாவது கையிலிருந்து நழுவிப் பந்து தரையில் இருக்கும்போது ஊதினால், பந்து கை நழுவிய இடமா, திரும்ப ஆடுவதா என்பது பந்தை விட்ட அணியின் விருப்பம். முன்னோக்கிய பாஸோ உதையோ காற்றில் இருக்கும்போது ஊதிவிட்டால் தேர்வே இல்லை, பழைய இடத்திலிருந்து மறுபடி. ஊதியது நீங்கள் என்றால் உடனே ரெஃப்ரியிடம் போய்ச் சொல்லுங்கள். அந்த நொடியில் பந்து எந்த நிலையில் இருந்தது என்பதை வைத்துத்தான் தீர்ப்பு, அது உங்களுக்குத்தான் தெரியும்.

கோட்டோரம்

செயின் ஆட்களை வீட்டு அணி கொடுக்கும், பெரும்பாலும் காயத்தில் இருப்பவர்கள் அல்லது புதிதாகச் சேர்ந்தவர்கள். ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்ல வேண்டியவை: போன் பைக்குள். சொந்த அணிக்குக் கத்தக் கூடாது. ஓடுபவர் உங்கள் பக்கம் வந்தால் செயின் முனையிலுள்ள கம்பை விட்டுவிட்டுப் பின்னால் விலகுங்கள், கம்பைக் காப்பாற்ற நிற்காதீர்கள். நான் கை காட்டாமல் யாரும் நகரக் கூடாது. டவுன் பெட்டி வைத்திருப்பவர் எண்ணை மாற்றுவதும் என் சொல்லுக்குப் பிறகுதான். பக்கத்தில் கொடி கிடக்கும்போது எண் மாறிவிட்டால் அடுத்த இரண்டு நிமிடம் எல்லோருக்கும் வாக்குவாதம்தான்.

செயினை ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் பத்து யார்டு கோடுகளுக்கு இடையே நீட்டிப் பாருங்கள். முடிச்சு விழுந்தோ வளையம் மடிந்தோ இருந்தால் அரை அடி குறைந்திருக்கும்.

ஒவ்வொரு புது சீரிஸிலும் (முதல் டவுனில் தொடங்கும் முயற்சி வரிசை) செயினில் அடையாளமாகக் கிளிப் போட வேண்டும். பின் கம்புக்கு அருகிலுள்ள 5 யார்டு கோட்டின் பின்விளிம்பில், செயின் தொடும் வளையத்தில் கிளிப்பை மாட்டுங்கள். எந்தக் கோடு என்பதை அட்டையில் எழுதுங்கள், பென்சிலால், மழையில் மை கரைந்துவிடும். அளக்கக் கூப்பிடும்போது நீங்கள் கிளிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடி, அதே கோட்டின் அதே விளிம்பில் வையுங்கள். அதன் பிறகுதான் முன் கம்பு இழுக்கப்பட வேண்டும், கிளிப் இல்லாமல் செயினைத் தூக்கினால் திரும்ப அதே இடத்தில் வைக்க வழியே கிடையாது. பந்து எதிரணிக்குக் கைமாறிய பிறகு பந்தின் முன்நுனியை ஒரு முழு யார்டுக் கோட்டில் வைக்கும்படி ரெஃப்ரியிடம் பேசி வையுங்கள். இலக்கும் ஒரு கோட்டிலேயே விழும், அந்த சீரிஸில் பெரும்பாலும் அளக்கவே வேண்டியிருக்காது. அளந்தாலும் ரெஃப்ரி முதல் டவுன் சைகை கொடுக்கும்வரை கிளிப்பைக் கழற்றாதீர்கள்.