‘கிராஸ் ரெசிஸ்டன்ஸ்’: தமிழில் எப்படி எழுதுவது?

ஓசூர்:
அன்பர்களுக்கு வணக்கம். பசுமைக்குடில் ரோஜாத் தொழிலாளர்களுக்கான கையேடு வியாழனன்று அச்சுக்குப் போகிறது. ஒரு வரி இடிக்கிறது. ஃபெனசாக்குவின் என்னும் மருந்துக்குச் சாகாத சிலந்திப்பேன் பெரும்பாலும் ஃபென்பைராக்ஸிமேட் என்னும் மருந்துக்கும் சாகாது. மருந்துகளைச் செயல்படும் விதத்தால் பிரித்து எண்ணிட்ட பட்டியலில் இரண்டும் 21ஏ தொகுதி. பேனின் உயிரணுவில் ஒரே இடத்தைத்தான் அடைக்கின்றன. பெயரை மட்டும் மாற்றி அடிப்பது மருந்துச் சுழற்சி ஆகாது. ஒன்றுக்குச் சாகாதது மற்றதற்கும் சாகாத இந்தக் ‘கிராஸ் ரெசிஸ்டன்ஸ்’ நிலைக்குக் ‘குறுக்கு எதிர்ப்புத்திறன்’ சரியா?

கோவை:
வேண்டாம் ஐயா. ‘எதிர்ப்புத்திறன்’ என்றாலே நல்ல ரகம் என்று படிப்பார்கள். விதைப் பையில் ‘நோய் எதிர்ப்பு ரகம்’ என்று பார்த்துப் பழகியவர்கள். தோட்டத்தில் வழங்குவது ‘மருந்துக்குக் கேக்கல’. அதிலிருந்தே ‘கேளாமை’ எடுக்கலாம். கல்லாமை, கள்ளாமை, வெஃகாமை என்று குறள் அதிகாரங்களே எதிர்மறைத் தொழிற்பெயர்கள்தாமே? இதை ‘உடன்கேளாமை’ என்போம்.

யாழ்ப்பாணம்:
கேளாமை என்றால் செவிப்புலன் குறைவு என்றுதான் முதலில் படும். தவிர, ‘சிலந்திப்பேன்’ என்பதும் பொருந்தாது. பேன் ஆறுகால் பூச்சி. இதற்கு எட்டுக் கால். நாங்கள் சிற்றுண்ணி என்கிறோம். உண் என்னும் வேரே அதன் தொழிலைச் சொல்லிவிடுகிறது.

மதுரை:
வேரை விடுங்கள், ‘கேக்கல’ என்பதில் மூன்று பொருள் கலந்திருக்கிறது. ஹெக்சிதயாசாக்ஸ் என்னும் மருந்து முட்டையையும் இளம்பேனையும்தான் கொல்லும். மூன்றாம் நாள் தாய்ப்பேன் ஊர்ந்தால் அது மருந்தின் இயல்பு. இலையடியில் நூலாம்படைக்குள் மருந்து படாமல் போனாலும் ‘கேக்கல’தான். மெய்யான எதிர்ப்பை இப்படிப் பிரித்தறியலாம்: சிட்டையில் உள்ள அளவில் கரைத்த மருந்தில் இலையை முக்கி உலர்த்தி, தாய்ப்பேன்களை விட்டு, 48 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். ஒப்பிட, வெறும் நீரில் முக்கியெடுத்த இலையும் பக்கத்தில் இருக்க வேண்டும். எதிர்ப்பு என்பது மரபுவழி வருவது. கருவுறாத முட்டை ஆணாகும். அதற்கு ஒற்றைக் குரோமோசோம் தொகுதி, ஆகவே இணை மரபணுவால் மறைக்கப்படும் ஒடுங்கு மரபணுவுக்கும் ஒளிய இடமில்லை. 30 டிகிரியில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். ஆகவே ‘மருந்துவெல் மரபு’.

கோவை:
வினைத்தொகை அழகு. ஆனால் மருந்து வெல்கிறதா, மருந்தை வெல்கிறதா?

ஓசூர்:
கோவையாரின் ‘உடன்கேளாமை’யையே இடுகிறேன். மதுரையாரின் இலைச் சோதனை அடுத்த பத்தியில் வரும். அபாமெக்டின் 6, ஸ்பைரோமெசிஃபென் 23 என்று தொகுதி எண்ணையும் பெரிதாக அச்சிடுகிறோம்.

யாழ்ப்பாணம்:
இடுங்கள். பேன் பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது. 12ஆம் பக்கத்தில், சிலந்திப்பேனைத் தின்னும் இரைகொல்லிச் சிற்றுண்ணியை விடச் சொல்கிறீர்கள். அதுவும் ‘பேன்’ என்றால், காப்பாற்ற வேண்டியதன் மேலேயே அபாமெக்டினை அடித்துவிடுவார்கள்.