டாக்கரின் ஓவர்லே2 ஃபோல்டர் 61 ஜிபி, இமேஜ் எல்லாம் சேர்ந்தே 9 ஜிபி. மீதி எங்கே போச்சு?

அஞ்சுரோட்டுக்காரன்:
சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறேன். அது டாக்கரில் ஓடுகிறது (சாஃப்ட்வேரை அதற்குத் தேவையானவற்றோடு இமேஜ் என்ற ஒரே பொட்டலமாகக் கட்டி ஓட்டும் கருவி). 80 ஜிபி டிஸ்க் நேற்று ராத்திரி நிரம்பி டேட்டாபேஸ் நின்றுவிட்டது, காலையில் லோடு ஏற்றிய லாரி பில்லுக்காக வாசலில் காத்துக்கிடந்தது. வார் லிப் டாக்கருக்குள் இருக்கும் ஓவர்லே2-இல், எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்க டியூ கட்டளை போட்டால் 61 ஜிபி. இமேஜ் லிஸ்ட்டைக் கூட்டினால் 9தான். உள்ளே நீள நீளமான பெயரில் ஏகப்பட்ட ஃபோல்டர். பழைய தேதியில் இருப்பதை ஆர்எம் அடித்து அழித்துவிடலாமா?

கன்னங்குறிச்சி:
ஐயோ, கை வைக்காதீர்கள். அதில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஒரு லேயர், அதாவது இமேஜின் ஓர் அடுக்கு. ஒரே பேஸ் லேயர் மேல் நாலு இமேஜ் உட்கார்ந்திருக்கும், பழசு என்று அதை எடுத்தால் நாலும் போச்சு. ஒவ்வொன்றுக்குள்ளும் டிஃப் என்று இருப்பதில்தான் நிஜமான ஃபைல்கள். மெர்ஜ்ட் என்பது கன்டெய்னர் (இமேஜிலிருந்து கிளப்பிய புரோகிராம்) ஓடும்போது எல்லா லேயரையும் ஒன்றாகக் காட்டும் மவுன்ட், தனியாக இடம் பிடிக்காது, ஆனால் டியூ அதையும் சேர்த்து எண்ணிவிடும். டியூவுக்கு மைனஸ் எக்ஸ் கொடுத்துப் பாருங்கள், மவுன்ட்டை விட்டுவிட்டு எண்ணும். அப்புறம், 'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' என்ன சொல்கிறது?

அஞ்சுரோட்டுக்காரன்:
மைனஸ் எக்ஸில் 49. டிஎஃப்பில் பில்டு கேஷ் (இமேஜ் கட்டும்போது அடுத்த முறைக்காக எடுத்துவைப்பது) மட்டும் 38! அதே சர்வரில்தான் தினமும் பில்டு போடுகிறேன், இமேஜ் லிஸ்ட்டில் இது வராது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஏற்காட்டு மூடுபனி:
'டாக்கர் பில்டர் ப்ரூன்' அடியுங்கள், அந்தக் கேஷைக் கழித்துவிடும், அடுத்த பில்டு மட்டும் கொஞ்சம் இழுக்கும். இன்னொன்று. டாக்கர்ஃபைலில் (இமேஜ் கட்டும் கட்டளைகள் உள்ள ஃபைல்) ஒரு வரியில் ஃபைலை உள்ளே கொண்டுவரும் காப்பி, அடுத்த ரன் வரியில் ஆர்எம் என்று வைத்திருந்தால் இமேஜ் ஒரு பைட்கூடக் குறையாது, இரண்டும் தனித்தனி லேயர். நம்ம ஊர் தட்டுவடை செட்டுதான்: மேலே இன்னொரு தட்டுவடையை வைத்தால் சட்னி மறையும், காணாமல் போகாது. நான் 400 எம்பி டம்ப் ஒன்றை இப்படி 'அழித்துவிட்டு', மலை மேல் வருகிற நெட்டில் அந்த இமேஜைப் புல் செய்து (டவுன்லோடு) ஒரு மத்தியானமே போனது. மேல் லேயரின் டிஃப்பில் எல்எஸ் மைனஸ் எல் அடித்தால், அழித்த பெயரிலேயே ஒரு டிவைஸ் ஃபைல் நிற்கும், முதல் எழுத்து சி, சைஸ் வரும் இடத்தில் 0, 0. 'இதைக் காட்டாதே' என்று அதற்கு அர்த்தம். அசல் கீழ் லேயரில் பத்திரமாக இருக்கிறது. டவுன்லோடு செய்வதென்றால் எடுப்பது, பிரிப்பது, அழிப்பது மூன்றையும் ஒரே ரன்னில் முடியுங்கள். காப்பியில் வருவதற்கு மல்டி ஸ்டேஜ் ஒரு வழி: முதல் கட்டத்தில் வேலையை முடித்து, தேவையானதை மட்டும் கடைசி இமேஜுக்கு எடுப்பது.

அஞ்சுரோட்டுக்காரன்:
ப்ரூன் அடித்தேன் அண்ணா, 49 இப்போது 14. டாக்கர்ஃபைலைத் திறந்தால் 12ஆவது வரியில் காப்பி, 15இல் ஆர்எம். கீழ் லேயரில் போன வருட பேக்கப் அப்படியே இருக்கிறது, ஆலையின் பில் அத்தனையோடும்.